ஈரச்சாக்கும் தையல் மெசினும்

அந்த ஈரச்சாக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்குள் இருந்தவை ரோசாக் கொப்புகள். அதை ஏற்றுவதற்காக வாசலில் விட்டுவந்தது அம்மாவின் தையல் மெசினை.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் கல்வீட்டில் அப்பா தோட்டக்காரர். வேல்ஸ் தேசத்துக் கப்பல் கப்பித்தான் ஒருவன் தன் பரம்பரை மாளிகையைப் போலவே கட்டிய வீடு அது. வேர்த்து ஊற்றுகிற ஊரில் அறைக்கு அறை குளிர்காயும் அடுப்பு! அவன் குடும்பம் விட்டுப்போன ரோசாக்கள் உப்புக்காற்றில் கருகிக் கிடந்தன. காட்டு ரோசாவில் ஒட்டுக்கட்டி அவற்றை மீட்டவர் அப்பா. சண்டை தொடங்கிச் சம்பளம் நின்ற பிறகும் போய்த் தண்ணீர் ஊற்றினார். எங்கள் வயிற்றை நிறைத்தது அம்மாவின் மெசின்தான்.

ஷெல் எங்கள் தெருவில் விழுந்த அன்று, குச்சவெளிப் பக்கம் போகும் ட்ரக்டரில் குடும்பத்துக்கு ஒரு பொதிதான் என்றார்கள். அம்மா மெசினைச் சேலையால் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள். அப்பா கல்வீட்டுத் தோட்டத்திலிருந்து சாக்கோடு ஓடிவந்தார்.

"மெசின் பிறகு வாங்கலாம். இந்தக் கொப்பு எங்கையும் வாங்க ஏலாது," என்றார்.

அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அவள்மேலும் எனக்குக் கோபம்.

அகதி முகாம் மணலில் கொப்புகளை நட்டு, குடிக்கக் கிடைத்த தண்ணீரில் தன் பங்கை ஊற்றினார். ஒட்டுக்கட்டாத கொப்பு உப்பு மண்ணில் பிடிக்காது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர்! ஐந்தாம் நாள் எல்லாம் கறுத்துப்போயின. திரும்பி வந்தபோது வாசலில் மெசின் இல்லை. அம்மா கண் மங்கும்வரை கையால் தைத்தாள். பிழை செய்துவிட்டேன் என்று ஒருநாள்கூடச் சொல்லாமலே அப்பா போய்ச்சேர்ந்தார்.

போன மாதம் அந்தக் கல்வீட்டுக்குப் போனேன். இப்போது அது ஹோட்டல். அப்பாவின் ரோசாக்கள் பூத்துக் கிடக்கின்றன. 'கப்பித்தான் நட்டவை' என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

"இதெல்லாம் எங்கட அப்பா ஒட்டுக்கட்டினது, தம்பி," என்றேன் காவலாளியிடம்.

"ஓம் அக்கா. ஆனா பூவைத் தொடாதேங்கோ," என்றான்.

செடியடியில், ஒட்டுக்கட்டுவதற்கு வெட்டிய கொப்புகள் ஈரச்சாக்கில் சுற்றிக் கிடந்தன. அதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கவே பெரிதாக ஒரு பூவை முறித்துக்கொண்டு வந்து அம்மாவின் படத்துக்கு வைத்தேன். அவளுடைய மெசினுக்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு பூதான்.