நுகுயியின் பாட்டுக்குப் பின்பாதி

“இல்லம்மா, அவன் அவசரக்காரன் இல்ல. பந்தைக் கண்டா அவனுக்குக் கை நிக்காது. அதுக்குப் பேரு அவசரமா?”

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாள் விழித்தார். தன் வீட்டுக்காரரின் கோட்டை வாங்கிப் போக வந்தவர் அவர். யாரைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லை.

“யாரைச் சொல்றீங்க, ஹிசானோ அக்கா?”

“நுகுயியைத்தான். அம்பத்தெட்டாம் நம்பர்.” ஹிசானோ பத்திரிகையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கீழ் மூலையில் நான்கு வரிச் செய்தி. அடுத்த வருடத்துக்கு நுகுயியை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று ஊர் பேஸ்பால் அணியான நாரை அணி சொல்லிவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை உள்ளூரில் கடைசி ஆட்டம்.

“அடடா,” என்றார் அந்த அம்மாள். “கோட்டு ரெடியா?”

“உள்ளே இஸ்திரி ஓடுது. செத்த நேரம் இருங்க.”

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஹிசானோவின் புருஷன் சிரித்தது வெளியில் கேட்டது.

ஹிசானோவுக்கு அறுபத்து மூன்று வயது. ஷிமோனோசெகியின் கடைத்தெருவில் அவளுடைய சலவைக்கடையைத் தெரியாதவர்கள் இல்லை. ஆட்டம் உள்ள நாளில் அவளைத் தேட வேண்டிய இடம் வேறு. பேஸ்பால் மைதானத்தின் வலப்பக்க கேலரி, நாலாவது வரிசை, ஆரவாரக் குழுவின் சிவப்புச் சட்டை, கையில் டிரம்பெட். முப்பது வருடமாக அந்த இடத்தில் அவளைத் தவிர யாரும் நின்றதில்லை.

நாரை அணியில் மட்டை பிடிக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பாட்டு உண்டு. அவன் களத்தில் நிற்கிற வரைக்கும் டிரம்பெட் ஊதும், முரசு அதிரும், கேலரி முழுக்கப் பாடும். அவன் பந்தை அடித்தானோ, அவுட் ஆனானோ, அந்த நொடியே பாட்டு நின்றுவிட வேண்டும். அவன் அணியை விட்டுப் போனால் பாட்டும் அவனோடு போய்விடும். இன்னொருவனுக்கு அதைக் கொடுப்பதில்லை.

ஆரம்பத்தில் ரேடியோவில் ஓடிய பாட்டுகளை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் பாடினார்கள். அப்போது மைதானத்துக்குத் தகரக் கூரை. மழை வந்தால் முரசை விட மழைச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். மீன் வடையும் சூடான நூடுல்ஸும் தின்றுகொண்டே, முந்நூறு பேர் மூவாயிரம் பேர் போலக் கத்துவார்கள். அந்த நாள் ஆட்டக்காரர்களில் ஒருவன் இப்போது பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான். ஒருவன் செத்துப்போனான். அவர்கள் பாட்டெல்லாம் ஹிசானோவின் உதட்டில் இருக்கிறது. சட்டைக் காலரைத் தேய்க்கும்போது தன்னையறியாமல் முணுமுணுப்பாள். வயசான வாடிக்கையாளர் யாராவது, “பதினாலாம் நம்பர் தானே?” என்பார். அன்றைக்கு அவருக்கு இஸ்திரி இலவசம்.

ஆனால் அவளே கட்டிய பாட்டு ஒன்றுதான். ஒன்பது வருடம் முன்னால், மலைப்பக்கத்து ஊரிலிருந்து வந்த நுகுயிக்காக. கடலோரமாக வேனை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பதினோரு நாள் ஊதி ஊதிக் கட்டினாள். குழுவின் முன் முதல்முறை வாசித்தபோது, பிறந்த பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுக்கிறவள் போல அவளுக்குக் கை கூசியது. வரிகளை அச்சடித்துக் கேலரியில் விநியோகித்தார்கள்.

முன்பாதி எல்லோருக்கும் மனப்பாடம்:

*கடல்காத்தே வழிவிடு, மலைக்காத்து வருது,*
*நுகுயி, நுகுயி, தூக்கி அடி!*

இதை இரண்டு தடவை ஊதிவிட்டுத்தான் பின்பாதிக்குப் போவது வழக்கம். நுகுயியோ பெஞ்சில் உட்கார்ந்தே காலம் கழித்தவன். எப்போதாவது மாற்று ஆளாக இறக்குவார்கள். இறங்கினால் முதல் பந்தையே வீசி அடிப்பான். அது தப்பினால் இரண்டாவது. எப்படியோ, பின்பாதி வருவதற்குள் கதை முடிந்துவிடும். ஒன்பது வருடத்தில் அந்தப் பின்பாதி மைதானத்தில் ஒலித்ததே இல்லை.

“உன் பாட்டுக்கு நெசமாவே பின்பாதி இருக்குதா அக்கா? இல்ல, காகிதம் காலியா இருக்குன்னு நிரப்பினியா?” என்று முரசடிக்கிற ஃபுனாகோஷி சீண்டுவான். அவன்தான் குழுத் தலைவன், மீன்கடைக்காரன்.

“மூணு நாள் ஆன மீனைப் புதுசுன்னு விக்கிறவன் பேசாதே,” என்பாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனே பக்கத்தில் வந்து குனிந்தான். சீண்டல் இல்லை.

“அக்கா, இன்னைக்கு அவனை இறக்கினாலும் இறக்குவாங்க. முன்பாதியை ஒரே தடவை ஊதிட்டு, நேரா பின்பாதிக்குப் போயிடுவோமா? ஒரு நாளாவது அவன் கேக்கட்டுமே.”

அவளுக்கு ஆசை தொண்டை வரை வந்தது. இருந்தாலும் தலையை ஆட்டினாள். “வேணாம்ப்பா. கூட்டம் பழக்கத்துல ரெண்டாந் தடவையை ஆரம்பிச்சிடும். பாட்டு உடைஞ்சு அவன் காதுல வெறும் இரைச்சல் விழும். கடைசி நாள்ல அது வேணாம்.”

எட்டாவது சுற்றில் ஐம்பத்தெட்டாம் நம்பர் வெளியே வந்தது. கேலரி எழுந்து நின்றது. ஹிசானோ உதட்டை நனைத்துக்கொண்டு ஊதினாள்.

முதல் பந்து. வீசினான். மட்டையின் விளிம்பில் பட்டுப் பின்வலையில் விழுந்தது. இன்னும் ஆடலாம். முன்பாதி இரண்டாந்தடவை. அடுத்த பந்தும் அப்படியே வலைக்குப் போனது.

முன்பாதி முடிந்தது.

பின்பாதி வந்ததும் பன்னிரண்டாயிரம் பேர் வாயடைத்து நின்றார்கள். யாருக்கும் வரி தெரியாது. மற்ற இரண்டு டிரம்பெட்டுகளும் தடுமாறி நின்றுவிட்டன. ஹிசானோ ஒருத்தியின் டிரம்பெட் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. ஃபுனாகோஷி முரசை விட்டுவிட்டு, பழைய காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, கட்டைக் குரலில் கத்திப் பாடினான்:

*அவசரமே இல்ல, பொழுது கெடக்குது,*
*நீ அடிக்கிற வரைக்கும் நாங்க இங்கதான்.*

நுகுயி மட்டை பிடிக்கிற கட்டத்தை விட்டு வெளியே வந்தான். கையுறையைக் கழற்றினான், மாட்டினான். வலப்பக்க கேலரியையே பார்த்துக்கொண்டு நின்றான். நடுவர் ஏதோ சொன்ன பிறகுதான் திரும்பி வந்தான்.

மூன்றாவது பந்தை அவன் தொடவில்லை. நான்காவதையும் விட்டான். நுகுயி பந்தை விடுகிறான்! கேலரியில் சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஃபுனாகோஷி முரசுக்குத் திரும்பினான். பாட்டு மறுபடி பின்பாதிக்கு வந்தபோது கூட்டம் பாதி கற்றுக்கொண்டிருந்தது.

ஆறாவது பந்தை அடித்தான். உயரே போனது, வலப்பக்கம், அவர்களை நோக்கியே வந்தது. ஃபுனாகோஷியின் முரசு நின்றது. எதிரணிக்காரன் கேலரிச் சுவருக்குக் கீழே ஓடி வந்து கையை உயர்த்தினான்.

கடைசி வரியில் இன்னும் நாலு சுரம் பாக்கி. ஹிசானோ நிறுத்தவில்லை. பந்து அவன் கையுறையில் விழுந்த பிறகும் ஊதி, பாட்டை முடித்துவிட்டுத்தான் டிரம்பெட்டை இறக்கினாள்.

முப்பது வருடத்தில் அவள் செய்த முதல் தப்பு. பந்து பிடிக்கிறவனின் காதில் ஊதுவதைப் போல் மரியாதைக் குறைவு வேறில்லை. ஆட்டம் முடிந்ததும் எதிர்க் கேலரிக்குப் போய் இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டாள். நுகுயி அவளைத் தேடி வரவில்லை. மைதானத்தைச் சுற்றி வந்தபோது வலப்பக்கத்தில் மட்டும் தொப்பியைக் கழற்றி நெடுநேரம் நின்றான்.

திங்கட்கிழமை காலையில் ஃபுனாகோஷி கடைக்கு வந்தான். வாசலிலேயே நின்று, குழு எடுத்த முடிவைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அடுத்த வருட முதல் ஆட்டத்தில் அவள் டிரம்பெட்டைத் தொடக் கூடாது. கேலரியில் சும்மா உட்காரலாம்.

“கோவிச்சுக்காதே அக்கா. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்.”

ஹிசானோ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“கோவம் என்னப்பா. முப்பது வருஷமா வாயில டிரம்பெட்டை வச்சிட்டு நிக்கிறேன், ஒரு பாட்டைக்கூட நான் பாடினதில்ல. அன்னைக்குப் பாடலாம்ல?”