பவளம் காய்ச்சிய தண்ணீர்

பவளத்தைப் போல் சுத்தம் பார்க்கிற மனுசியை மெல்பேர்ன் பக்கத்து வெரிபீ முழுக்கத் தேடினாலும் காணமுடியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கைப்பையில் சொந்தப் போத்தல் இருக்கும். அதற்குள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். சுத்தம் சோறு போடும் என்பார்கள். பவளத்துக்கு அது என்ன போட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எண்பத்தெட்டில் அவளுடைய கணவர் அருந்தவனுக்கு ஒரு கோழிப்பண்ணையில் வேலை கிடைத்தது. மெல்பேர்னிலிருந்து மேற்கே இரண்டு மணி நேர ஓட்டம், ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய பூமி. வேலையோடு வீடும் தந்தார்கள். மகள் சுஜீவாவுக்கு அப்போது இரண்டு வயது. பைப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. வீட்டின் ஒரு பக்கம் கூரையில் விழுகிற மழையைச் சேர்க்கிற தகரத் தாங்கி, மறுபக்கம் ஒரு குழாய்க்கிணறு. "குடிக்கிறதுக்குத் தாங்கித் தண்ணி, கிணறு மாட்டுக்கு" என்று பண்ணைக்காரக் கிழவன் கெவின் முதல் நாளே சொல்லிவிட்டுப் போனான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது. அவனுடைய தகப்பன் அப்படித்தான் செய்தானாம்.

யாழ்ப்பாணத்தாரிடம் போய்க் கிணற்றைக் குறை சொன்னால் எடுபடுமா? நிலத்துக்குள்ளிருந்து வருகிற தண்ணீர்தான் தண்ணீர், மற்றதெல்லாம் கால் கழுவ என்று வளர்ந்த சனம். பவளம் கூரையை அண்ணாந்து பார்த்தாள். மரநாய் மாதிரியான பொசம் ஓடுகிற கூரை, மழைத் தண்ணீர் வழிகிற பீலியில் காக எச்சம். "உந்தக் கழிவை என்ர பிள்ளைக்குக் குடுக்கவோ?" என்றாள். கிணற்றுத் தண்ணீரோ கண்ணாடி, வாயில் வைத்தால் குளிர்ச்சி. அருந்தவன், "கெவின் சொல்லுறதையும் ஒருக்கா யோசிச்சுப் பாருமன்" என்று இழுத்துப் பார்த்தார். குசினியில் அவருடைய சொல் என்றைக்கு எடுபட்டது?

அதையும் அவள் சும்மா கொடுக்கவில்லை. விடிய எழும்பிப் பெரிய பானையில் ஏற்றி, முக்கால் பானை ஆகும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து, துணியால் வடித்துக் கொடுத்தாள். பிள்ளையின் பால்மாவும் அதில்தான் கரைந்தது. கோழிக் கொட்டிலின் வெக்கையில் அருந்தவன் நாளுக்கு ஐந்து லீற்றர் குடிப்பார். பதினாறு வருசம் ஒரு நாள் தவறவில்லை. சுஜீவா பல்கலைக்கழகம் போகும்போதுதான் வெரிபீக்கு வந்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அருந்தவனின் உள்ளங்கை முழுக்கச் சோளக்குறுணி மாதிரிக் கட்டிகள். கொட்டிலில் மண்வெட்டி பிடித்த காய்ப்பு என்றுதான் இருவரும் இருந்தார்கள். நெஞ்சில் கறுப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளிகள், பாதத்தில் விறைப்பு. ஒரு கட்டி புண்ணாகி ஆறாமல் போகவே தோல் டொக்டரிடம் போனார்கள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார்.

பவளத்துக்கு ஒரே பெருமை. தாங்கித் தண்ணீரைத் தொடவே இல்லை என்பதையும் காய்ச்சிய கதையையும் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னாள். டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். தங்கம் கிடந்த அந்தப் பூமியில் ஆர்செனிக்கும் இருக்கிறது, நம்மவர் பாஷாணம் என்று சொல்கிற அதே சாமான். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், இது சாகாது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு போய்விடுமா? தண்ணீர் வற்ற வற்ற மிஞ்சினதில் நஞ்சு இன்னும் செறிந்துதான் போயிருக்கும்.

கிணற்றுத் தண்ணீர் யாருடைய யோசனை என்று டொக்டர் கேட்டார். "என்ர யோசனைதான்" என்று அருந்தவன் முந்திக்கொண்டார். காருக்குள் பவளம், "ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். "நீர் பேசாம இரும்" என்றார். அந்த மனுசன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

மருந்து? தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து. அதை மாற்றி ஏழு வருசம். புண் புற்றாக இருந்தது, வெட்டினார்கள். அடுத்த வருசம் சலப்பையில், அதுதான் மூத்திரப்பையில், இன்னொரு புற்று. அவருக்கு வந்தது வந்துவிட்டது, பிள்ளையை விட்டால் போதும் என்று பவளம் கும்பிட்டாள். இரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை குடித்த பிள்ளை. சுஜீவாவின் சிறுநீரைச் சோதித்தார்கள், நஞ்சு ஒன்றும் இல்லை. பவளம் அழுதேவிட்டாள். நஞ்சு சில நாளிலேயே உடம்பை விட்டுப் போய்விடும், அது செய்துவிட்டுப் போன வேலையை இந்தச் சோதனை காட்டாது என்று பிறகுதான் டொக்டர் சொன்னார். வராமலும் போகலாம், இருபது வருசம் கழித்தும் வரலாம். பவளமும் அதே தண்ணீரைத்தான் குடித்தாள். அவளுடைய கை இன்றைக்கும் பஞ்சு. அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. "கெடுகுடி சொற்கேளாது எண்டு சும்மாவே சொன்னவை?" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வாள்.

அதன்பிறகு ஞாயிறு தோறும் மகள் வாசலுக்கு வந்ததும் பவளம் முதலில் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்ப்பாள். "அம்மா, ப்ளீஸ்" என்று சுஜீவா சிரிப்பாள். பதின்மூன்றாம் ஆண்டு ஓகஸ்டில் வேலை கூடிப்போச்சு என்று சொல்லி நாலு ஞாயிறு அவள் வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு வந்தாள், நேரே குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்தாள். பவளம் சோறு போட்டுக் குழம்பு விட்டாள்.

"கரண்டி ஒண்டு தாங்கோ அம்மா."

தாய் வீட்டில் ஒரு நாளும் கரண்டி கேட்காத பிள்ளை. பவளம் கரண்டியை எடுக்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்த வலக்கையை இழுத்துத் திருப்பினாள். பெருவிரலுக்குக் கீழே இரண்டு குறுணிகள். விரலால் அழுத்தினாள். கல்லாய் இருந்தன.

"போன மாசமே காட்டினனான். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"பாத்துக்கொண்டிருக்கச் சொன்னவர்."

"என்னெண்டு பாத்துக்கொண்டிருக்கிறது, பிள்ளை?"

"கையை விடுங்கோ அம்மா," என்றாள் சுஜீவா, "சோறு ஆறுது."