வேடம் கலைக்காத துப்பறிவாளர்

ஹட்டன் தியேட்டரில் அந்த வெள்ளைக்காரத் துப்பறிவாளரை நான் முதலில் பார்த்தபோது, அவர் ஒல்லியாக, நீள மூக்கோடு இருந்தார். வாயில் புகையும் சுங்கான், கையில் பூதக்கண்ணாடி. எதிரே நிற்பவனின் சப்பாத்துச் சேற்றைப் பார்த்தே அவன் எங்கே போய் வந்தான் என்று சொல்லிவிடுவார். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கக் கூசுகிற எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான். நானும் எல்லோருடைய கால்களையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் அவருடைய இன்னொரு படம் வந்தது. பகல் காட்சிக்குப் போக ஒரு நாள் வேலையை விட வேண்டும். வயிற்று வலி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். காலையில் பெரட்டில் எங்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர் அவர்தான். தேயிலை மலையில் நனைகிற எனக்கு ஃபேக்டரிக்குள் வேலை தருவதாக அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். பொய் தெரிந்தால் அது போய்விடும். நல்லவேளை, அவரும் அன்று தலவாக்கலையில் கலியாணமென்று ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அதே பெயர், அதே சுங்கான்; ஆனால் இந்தப் படத்தில் வந்தவர் குண்டாக, சப்பை மூக்கோடு இருந்தார். என்னோடு வந்த மச்சான் அசந்துபோனான்.

"மூக்கையே மாத்திட்டான் பாரு மச்சான்."

மாறுவேடத்தில் அவர் கெட்டிக்காரர் என்பது முதல் படத்திலேயே எங்களுக்குத் தெரியும். எப்போது கலைப்பார் என்று திரை மூடும்வரை காத்திருந்தோம். கலைக்கவில்லை. பஸ் போய்விட்டது. தூறலில் காட்டுக் குறுக்குப்பாதையில் நடந்து லயத்து வீட்டுக்கு வந்தோம். கால் முழுக்க அட்டைக்கடி.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை என் கால்களைப் பார்த்தார்.

"டிக்கோயாவுக்குத் தார் ரோடு. அட்டை எங்கேர்ந்துடா வந்துச்சு?"

நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்தேன். அவருடைய சப்பாத்துக்கு மேலே தெரிந்த வெள்ளைக் கால்மேசில் இரண்டு இடத்தில் இரத்தம் கசிந்திருந்தது. ரயிலில் கலியாணத்துக்குப் போனவரை அட்டை கடிக்காது. என் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. அவர் ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்தார்.

எல்லோரும் மலைக்குப் போனார்கள். என்னை மட்டும் ஃபேக்டரிக்குப் போகச் சொன்னார். சொல்லிவிட்டு, கூடவே நாலடி நடந்து வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பஸ்ஸுல வந்தா ஆள் தெரிஞ்சிரும்னு படம் பாதியில எந்திரிச்சுக் காட்டு வழியா வந்துட்டேன். கடைசியில வேஷத்தைக் கலைச்சானா?"

"இல்லீங்கய்யா."

"கெட்டிக்காரன்தான்," என்றார்.