இருக்கிறவருக்குப் போட்ட மாலை

பிள்ளைகளுக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் கொண்டாட வேண்டும் என்று பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்தது. எப்படிக் கொண்டாடுவது என்பதற்கு அதில் நான்கு வரிகள் இருந்தன. படம் எடுத்து அனுப்புவது எப்படி என்பதற்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. படத்தில் பிள்ளைகள் தெரிய வேண்டும், பேனர் தெரிய வேண்டும், தேதி தெரிய வேண்டும், மூன்று மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஏற்ற வேண்டும். புத்தகம் தெரிய வேண்டும் என்று எங்கும் இல்லை. நான் காரைக்குடி செக்காலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை. இருபது வருஷத்துக்கு மேல் இப்படிப்பட்ட தாள்களைப் படித்துப் படித்து, எதை விட்டிருப்பார்கள் என்று முதலில் தேடுகிற பழக்கம் வந்துவிட்டது.

எங்கள் வகுப்புக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அவருடைய கதை ஒன்றை ஆடி மாதத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். ஒரு கால் நொண்டும் நாய் ஒன்று டவுன் பஸ்ஸில் ஏறிவிடும். கண்டக்டர் அதைத் துரத்த மாட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் அதைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள். நாய் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே வரும். கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்துபோகும். அவ்வளவுதான் கதை. முப்பத்தொரு பிள்ளைகளும் வாய் திறக்காமல் கேட்டார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்து வகுப்பு ஆசிரியையைக் கேட்டால் சொல்வார்.

அந்தப் புத்தகம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் வாசித்து முடித்த அன்றே தலைமையாசிரியை அதை வாங்கித் தன் அறையில் உள்ள இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எங்கள் பள்ளியில் நூலகம் என்றால் அந்த பீரோதான். கிழிந்தால் யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. அதனால் எங்கள் புத்தகங்கள் எல்லாம் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன. பிள்ளைகள்தான் வருஷா வருஷம் மாறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கதை வாசித்த மறுநாள் ஒரு சிறுமி என் மேஜைக்கு வந்து, நாலாக மடித்த நோட்டுத் தாளை நீட்டினாள். அவள் அந்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்தவள். அப்பாவுக்கு இங்கே ஒரு கடையில் வேலை கிடைத்ததால், திருக்கோஷ்டியூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட, வளர்த்த நாயை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தாளில் எழுத்தாளர் ஐயாவுக்கு ஒரு கடிதம் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய நாய்க்கு அன்றைக்கு ராத்திரி யார் சோறு போட்டார்கள் என்று கேட்டிருந்தாள். எங்கள் நாயும் ஊரில் தனியாகத்தான் இருக்கிறது என்று கீழே ஒரு வரி. பதில் போடவும் என்பதற்கு மட்டும் அடிக்கோடு.

தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். எழுத்தாளரின் முகவரி அவருடைய புத்தகத்துக்குள் இருந்தது. புத்தகம் பீரோவுக்குள் இருந்தது. சாவி தலைமையாசிரியையின் இடுப்பில் இருந்தது. கேட்டால் எதற்கு, எவ்வளவு நேரத்துக்கு, எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று ஆரம்பிப்பார். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன். அடுத்து ஒரு பயிற்சி வந்தது, பரீட்சை வந்தது, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற வேலை ஒன்று வந்தது. கடிதம் வருகைப் பதிவேட்டிலிருந்து என் கைப்பைக்கு இடம் மாறி, மாத்திரை அட்டையோடும் பஸ் டிக்கெட்டோடும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை தவறாமல் அவள் வந்து நிற்பாள். பதில் வந்ததா என்பாள். முதல் இரண்டு வாரம், நாளைக்குப் போட்டுவிடுகிறேன் என்றேன். நாலாவது வாரம் எரிச்சலில் போட்டாச்சு என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். அதற்குப் பிறகு சொல்வதற்கு ஒரு வாக்கியம் வசதியாக அமைந்துவிட்டது: “வரும். பெரியவுக, வேலை இருக்கும்.” அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். இனிமேல் மற்றவர்களை எல்லாம் திட்டப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

வாரத்தின் கடைசி நாள் விழாவுக்கு எழுத்தாளர் மாதிரி வேஷம் போட்டு வர வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த ஐயா அரைக்கைச் சட்டையும் பேன்ட்டும் கண்ணாடியும் போட்ட சாதாரண மனிதர். வீட்டில் இருக்கிற சட்டையைப் போட்டு அனுப்பினால் போதும் என்று பெற்றோர்களுக்கு மூன்று முறை சொன்னேன். காற்றில் போனது. வேஷக் கடையில் எழுத்தாளர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் புலவர் வேஷத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் வந்து நின்ற ஆட்டோக்களிலிருந்து வெள்ளைத் தாடியும் ஜிப்பாவும் தோளில் சால்வையுமாகப் பதினோரு புலவர்கள் இறங்கினார்கள். பன்னிரண்டாவது ஆளுக்குத் தாடி தீர்ந்துவிட்டதால் ராஜா வேஷம் கொடுத்தார்களாம், கிரீடத்தோடு. கதையில் ராஜாவும் வருவார்தானே என்று அவன் அம்மா என்னிடம் கேட்டார். பஸ்ஸில் எங்கே ராஜா வருவார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஓவியப் போட்டிக்கு நாய் படம் போட்ட தாள் கொடுத்தார்கள். இணையத்திலிருந்து எடுத்த தாள். அதில் இருந்தது உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி முடி வைத்த, மெத்தையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிற ஜாதி. நாலு காலும் நன்றாக இருந்தது. பிள்ளைகள் மஞ்சளும் ஊதாவும் அடித்துத் தள்ளினார்கள். நம் சிறுமி மட்டும் பென்சிலால் ஒரு காலை அழித்து, மடங்கின மாதிரி திரும்ப வரைந்தாள். கொடுத்த படத்தை மாற்றக்கூடாது என்று அவளுக்குப் பரிசு இல்லை.

பேச்சுப் போட்டியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏறினான். தலைவர்கள் பிறந்தநாளுக்கு என்று எங்கள் பள்ளியில் காலங்காலமாக ஒரு பேச்சு இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் யாருக்கும் பொருந்தும். அவன் அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தான். “அன்னார் மறைந்தாலும் நம் நெஞ்சங்களில் என்றும் வாழ்கிறார்” என்று கையை உயர்த்தி முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போது ஒரு புலவரின் தாடிக்குப் பசை தடவிக்கொண்டிருந்ததால் பேச்சு என் காதில் சரியாக ஏறவில்லை.

கடைசி நிகழ்ச்சி திருவுருவப் படத்துக்கு மரியாதை. இணையத்தில் கிடைத்த அவருடைய படத்தைச் செக்காலை ரோட்டுக் கடையில் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கி வந்திருந்தார்கள். பெஞ்சின் மேல் வெள்ளைத் துணி விரித்து அதை வைத்தார்கள். புத்தகத்துக்காகத் திறக்காத பீரோ அன்றைக்குத் திறந்தது. தலைமையாசிரியை உள்ளேயிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய சந்தன மாலையை எடுத்தார். யார் படத்தை வெளியே எடுத்தாலும் எங்கள் பள்ளியில் அந்த மாலைதான் விழும். சட்டத்துக்குப் பொட்டு வைத்து, மாலையைப் போட்டு, முன்னால் குத்துவிளக்கு ஏற்றினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், சுவரில் இருக்கிறவர்களில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று மாலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உயிரோடு இருக்கிறவர் படத்துக்குத் தெரியாமல் ஒரு முழம் பூவைச் சாத்திவிட்டால்கூட வீடே பதறும். தலைமையாசிரியைக்கு இது தெரியாதா? அவர் வீட்டில் நடந்திருந்தால் பெரிய ரகளையே பண்ணியிருப்பார். ஆனால் பள்ளியில் படம் என்றால் மாலை என்று கை பழகிவிட்டது. நானும் பார்த்தேன். ஏதோ நெருடியது. அதற்குள் ராஜாவின் கிரீடம் கழன்று விழ, அதை எடுக்கப் போய்விட்டேன்.

படம் குழுவில் ஏறியது. பத்து நிமிஷத்தில் வேறொரு பள்ளித் தலைமையாசிரியர் “ஆழ்ந்த இரங்கல்” என்று போட்டார். அடுத்து வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் எப்போது என்று கேட்க, இன்னொருவர் நேற்று ராத்திரி என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். எங்கே கேள்விப்பட்டாரோ. தலைமையாசிரியை போனைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

“டீச்சர், இவுக இருக்காகளா, இல்லையா?”

“இருக்காக டீச்சர். போன மாசங்கூட ஒரு விழாவுல பேசுனாக.”

“அத முன்னாடியே சொல்ல மாட்டீகளா?”

ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று முன்கூட்டியே எப்படி அறிவிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பதற்றத்தில் படத்தை நீக்கினார். தன் போனிலிருந்து மட்டும் நீக்கிவிட்டு, எல்லாருடைய போனிலிருந்தும் போய்விட்டது என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இரங்கல் வந்துகொண்டே இருந்தது. படம் எங்கேயும் போகவில்லை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் மாலையைக் கழற்றிவிட்டு மறுபடியும் படம் எடுத்து ஏற்றுவது என்று முடிவானது. தாடி அரித்து அழுதுகொண்டிருந்த புலவர்களை எல்லாம் திரும்பவும் வரிசையில் நிறுத்தினோம்.

வரிசையில் அந்தச் சிறுமி இல்லை. வகுப்பில் போய்ப் பார்த்தால் பெஞ்சில் தனியாக, நாய் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருந்த எரிச்சலில் அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

“டீச்சர், ஐயா செத்துப் போனாகளா?” என்றாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள் போல. “அதனாலதேன் பதில் வரலையா? பரவால்ல டீச்சர். நான் எழுதுனத மட்டும் படிச்சிட்டுப் போனாகளா?”

பின்னாலேயே வந்த தலைமையாசிரியை வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டார். என்னைத் தனியே இழுத்து, படிச்சாக என்று சொல்லிவிடுங்கள், பிள்ளை மனசு ஆறிவிடும், நேரமாகிறது என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னால் என்ன, எனக்கும் ஒரு நொடி அதேதான் தோன்றியது. ஐயா செத்தவராகவே இருந்துவிட்டால் என் பொய்யும் அவரோடு போய்விடும். இனி எந்தத் திங்கட்கிழமையும் யாரும் என் மேஜைக்கு வர மாட்டார்கள். அப்படி நினைத்ததற்காக இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். ஓரமெல்லாம் நைந்து, நடுவில் மாத்திரை அட்டையின் தடம் பதிந்திருந்தது. அவள் கையில் கொடுத்தேன்.

“ஐயா நல்லா இருக்காக. நாந்தான் இதப் போடல.”

அவள் கடிதத்தைப் பிரித்துத் தன்னுடையதுதானா என்று பார்த்தாள்.

“போட்டாச்சுன்னு சொன்னீகளே டீச்சர்?”

“பொய் சொன்னேன்த்தா.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபப்படவும் இல்லை. கணக்கில் விடை சரியா என்று பார்ப்பது மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். அவள் என்னை அடித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேராகப் போய்த் தலைமையாசிரியையிடம் பீரோ சாவியைக் கேட்டேன். எதற்கு என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாலு மாதமாக நான் தள்ளிப்போட்ட வேலை ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து வந்து முகவரிப் பக்கத்தைத் திறந்தேன். உறை ஒன்று வாங்கி வந்து நான் எழுதப் போனபோது, பேனாவைத் தாருங்கள் என்று அவளே வாங்கிக்கொண்டாள். பின்கோடு வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினாள். உறையை ஒட்டினாள். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

“எங்கப்பாட்ட குடுத்துப் போட்டுக்கிறேன் டீச்சர்” என்றாள். உறையைத் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

மாலை இல்லாத படம் மூன்று மணிக்குள் ஏறிவிட்டது. மேலிடத்திலிருந்து கட்டைவிரல் வந்தது. மாலையும் புத்தகமும் பீரோவுக்குள் திரும்பின. அடுத்த வாரம் வேறு ஒரு சுற்றறிக்கை வந்தது.

அதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமை அவள் என் மேஜைக்கு வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. மூன்றாவது திங்கள் எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் பெஞ்சுக்குப் போய்ப் பதில் வந்ததா என்று கேட்டேன்.

“வரும் டீச்சர். பெரியவுக, வேலை இருக்கும்” என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.