முத்திரையும் போர்க்கடவுளும்

உப்புத் தண்ணீரில் மிதக்கும் பகடையை விரலால் சுண்டிவிட்டுக் குனிந்து பார்க்கிறார் முத்திரை. மேலே பதினேழு. மறுபடி சுண்டுகிறார். நாலு. இருபது முகப் பகடை ஒவ்வொன்றுக்கும் பத்துத் தடவை. ஒரே எண் அடிக்கடி தலைகாட்டினால் அது திருட்டுப் பகடை. அவருடைய அக்காவும் அத்தானும் கன்னத்தில் கைவைத்துக் காத்திருக்கிறார்கள்.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். 'முத்திரை' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. தராசு ஒழுங்காக இருந்தால்தான் அவருக்குச் சந்தேகம் கூடும். "இவ்ளோ சரியா இருக்குன்னா எங்கயோ கை வச்சிருக்கான்" என்பார். பூட்டிய கதவை நாலு முறை இழுத்துப் பார்க்கிற மனிதர் வேறென்ன சொல்வார்?

ஞாயிறுதோறும் இவர்கள் ஆடுவது கதையாட்டம். ஆளுக்கொரு வேடம், கதையை நடத்துவது அத்தான், வெட்டு விழுமா விலகுமா என்று பகடை சொல்லும். ஆறு வருஷமாக அக்கா ஒரு வைத்தியச்சி, முத்திரை ஒரு வாள்வீரன். வீரனுக்குத் தெய்வம் வேண்டுமென்றதும் கிரேக்கப் போர்க்கடவுள் ஏரீஸைப் பிடித்துக்கொண்டார். "மத்த சாமியெல்லாம் சிரிச்சிக்கிட்டே கழுத்தறுக்கும். இவரு அடிப்பேன்னு சொல்லிட்டு அடிக்கிறவரு."

அந்தச் சாமியிடமும் இன்றுவரை ஒரு வரம் வாங்கியதில்லை. ஏரீஸ் உதவினால் பதிலுக்கு ஒரு விலை உண்டு என்பது அத்தான் போட்ட விதி. விலையைக் காகிதத்தில் எழுதி மடித்து நீட்டுவார். சம்மதமென்றால் கையெழுத்துப் போடவேண்டும். முத்திரை மூன்று முறை படிப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், "இதுல வேற ஏதோ இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இன்றைய ஆட்டத்தில் வைத்தியச்சி தனியாக எதிரிக் கூட்டத்துக்குள் புகுந்து குத்துப்பட்டுக் கிடக்கிறாள். ஏரீஸ் இறங்கினால் பிழைப்பாள். அத்தான் காகிதத்தை நீட்டினார்.

"ரெண்டு பேரும் வீட்லயே பேசி வச்சிக்கிட்டீங்களா?"

"பேசலை மச்சான். சீக்கிரம் சொல்லு."

"அவ எதுக்குத் தனியா உள்ள போனா? அதச் சொல்லுங்க முதல்ல."

வைத்தியச்சியின் பலமும் காயமும் குறித்து வைத்திருந்த தாளை அக்கா எடுத்தாள். செத்தவரின் தாளைக் கிழிப்பது இவர்கள் வழக்கம். ஆறு வருஷத்தில் அழித்து அழித்து எழுதியதில் தாள் துணி மாதிரி ஆகியிருந்தது.

"தம்பி பின்னாடி இருக்கான், சாமியைக் கூப்பிடுவான்னு நெனச்சுத்தான்டா போனேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "விடு. உன்னத் தெரிஞ்சும் போனது என் தப்பு."

முத்திரைக்குச் சுருக்கென்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தார். நடிப்பா என்று ஒரு கணம் தேடக்கூடச் செய்தார். தாளின் மேல்முனை கிழியத் தொடங்கியிருந்தது.

அவர் பேனாவைத் திறந்தார். காகிதத்தைப் பிரிக்காமலே, மடிப்பின் முதுகில் கையெழுத்துப் போட்டு அத்தான் பக்கம் தள்ளினார்.