இடப்பக்கம் முறுக்கிய கம்பி

என் மேசை இழுப்பறையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு கிடக்கிறது. இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய கம்பி. உற்றுப் பார்த்தால் முறுக்கு வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் ஓடுவது தெரியும். முறுக்கியவரை நான் பார்த்ததே இல்லை. அவரை நன்றாகத் தெரிந்தவர் எங்கள் மேஸ்திரி.

ஐம்பதுகளின் நடுவில் நான் கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டர். மேஸ்திரி யுத்தகாலத்தில் பெங்களூரில் விமானம் பழுதுபார்த்தவர். அங்கே அவரோடு ஒரே மேசையில் வேலை செய்த காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவர், பழுதுபார்த்த விமானத்தை ஓட்டிப் பார்க்கப் போனவர்களோடு தானும் ஏறிப் போனார். விமானம் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர் மனைவி எங்கள் ஷெட்டை அடுத்த பள்ளியில் டீச்சர். பதினோரு வருடமாக நெற்றியில் குங்குமத்தோடு, தினமும் மாலை ஷெட்டுக்கு எதிரே பெங்களூர் பஸ் நிற்கும் இடத்துக்கு வருவார். இறங்குகிற முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். "கடல் பக்கமா எங்கியாச்சும் எறங்கியிருப்பாரும்மா, வந்துருவாரு" என்று முதலில் நம்பிக்கை கொடுத்தவர் மேஸ்திரிதான்.

சிங்காரப்பேட்டைக்கு மேலே மலையடிவார ஓடையில் மணல் அள்ளப் போனவர்களுக்கு ஒரு எஞ்சின் அகப்பட்டது. கிணற்றில் தண்ணீர் இறைக்க உதவுமா என்று கேட்டு லாரியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தார்கள். வட்டமாக ஒன்பது சிலிண்டர். வெடிகுண்டு என்றார் ஒருவர், அரிசி மில் எஞ்சின் என்றார் இன்னொருவர். மேஸ்திரி அதை ஒரு சுற்று சுற்றி வந்து ஓரிடத்தில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றார். "ஏதோ பழைய ஜெனரேட்டரு. ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவர் கைவைத்த பக்கம் முழுக்க யாரோ கிரீஸை அப்பியிருந்தார்கள். குப்பைக்குப் போகிற எஞ்சினுக்கு எதற்குக் கிரீஸ் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் கவனமெல்லாம் அது விமான எஞ்சின் என்று நிரூபித்து மேஸ்திரியின் மூக்கை உடைப்பதிலேயே இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஆயுதபூஜை. ஷெட்டில் ஸ்பேனர் முதற்கொண்டு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கவேண்டும். அந்த எஞ்சின் என் பங்குக்கு வந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கிரீஸை வழித்தேன். நட்டுகள் கழலாமல் இருக்கக் கட்டிய கம்பிகள் பிசுக்குக்கு அடியில் கெடாமல் இருந்தன. சந்தனமும் குங்குமமும் வைத்து நிமிர்ந்தால், தெருப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வந்திருந்தார், கையில் பொரித்தட்டோடு. எனக்கு ஏக உற்சாகம்.

"இது ஏரோப்ளேன் எஞ்சினுங்க டீச்சர். இதப் பூட்டுனவரு இடக்கைக்காரராட்டம் இருக்குது. பாருங்க, கம்பியெல்லாம் மாத்தி முறுக்கியிருக்காரு."

டீச்சர் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டார், சொன்னேன். பிறகு பின்னால் நின்ற மேஸ்திரியைப் பார்த்துத் திரும்பினார்.

"எப்பலேர்ந்து தெரியும்ண்ணா?"

"வந்த அன்னிக்கேம்மா."

"மூணு வாரமா என்னை பஸ்ஸுக்கு நிக்க வச்சீங்களேண்ணா."

அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நீதானப்பா பாத்துச் சொன்ன. நீயே ஒண்ணு வெட்டிக் குடு" என்றார். குறடு எடுத்து வந்தேன். வெட்டிய கம்பியை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளைகளுக்குப் பொரியைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அவர் நெற்றி வெறுமையாக இருந்தது. கல்யாண வீடுகளில் தாம்பூலத் தட்டு அவரைத் தாண்டிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் மேஸ்திரியோடு பிறகு பேசவே இல்லை. மேஸ்திரி என்னோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. ஒரே ஒருமுறை, "அந்தம்மா இன்னும் கொஞ்சநாள் பொட்டு வச்சிருந்தா உனக்கென்னடா நஷ்டம்?" என்று கேட்டார். அன்றைக்கு நான் அவரைப் பொய்யர் என்றுதான் நினைத்தேன். இப்போது அத்தனை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டீச்சர் வராத அந்த மாலைகளில் பெங்களூர் பஸ் வந்து நின்றால் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு ஷெட் வாசலுக்கு வருவார். கடைசி ஆள் இறங்கும்வரை அங்கேயே நிற்பார்.

குறடு வழுக்கி இரண்டாம் முறை வெட்டியபோது கீழே விழுந்த துண்டுதான் என்னிடம் இருப்பது. இப்போது அதில் துரு ஏறிவிட்டது. கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு நிற்கும். நான் தடவுவதில்லை.