கிரிகரி வேனில் மிதந்த எண்ணெய்

என் சம்பந்தி கிரிகரி எதையும் தூக்கிப் போடமாட்டார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். செந்தூலில் அவர் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் இருக்காது. பிஸ்கட் டின் இருக்கும், காலி பாட்டில் இருக்கும், கதவில்லாத ஐஸ்பெட்டி ஒன்றும் இருக்கும். கேட்டால், "ஒரு நாளைக்கு உதவும் சம்பந்தி" என்பார். அந்த ஒரு நாள் இன்னும் வரவில்லை.

அவருடைய பழைய டீசல் வேனும் அப்படித்தான். விற்கவே மாட்டார்.

இந்த வருடம் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். மூக்கு என் மூக்கு. அதைக் கிரிகரியே ஒத்துக்கொண்டார். என் மகள் ஜானிஸ் பத்தியத்துக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டில் இருந்தாள். கிரிகரி தினமும் வேனில் வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போவார். ஞானஸ்நானத்துக்குப் பேத்தி தன் வேனில்தான் போவாள் என்று மாதா கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். என் கார் சின்னதுதான், ஆனால் சுத்தமானது. யாரும் கேட்கவில்லை.

ஞானஸ்நான ஞாயிறு நெருங்கும்போது, எங்கள் வாசலில் வேன் பானட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் டப்பாவில் எண்ணெய் மிதந்தது.

"போச்சு சம்பந்தி. ஹெட் கேஸ்கெட் போச்சு." என்ஜினில் எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் பிரித்து வைக்கும் தகடு அது.

போட்டோ எடுத்துக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஆயில் கூலர் ஓட்டை என்றார் ஒருவர். என்ஜினே வெடித்துவிட்டது என்றார் இன்னொருவர். லைசென்ஸ் இல்லாத ஒருவர் வேனை விற்கச் சொன்னார். மற்றவர்கள் ஜெபிப்பதாகச் சொன்னார்கள்.

மெக்கானிக் லோகனிடம் போனோம். அவன் என்ஜின் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தான்.

"அங்கிள், இதுல தண்ணி கலக்கல. கலந்திருந்தா தே தாரேக் மாதிரி, பால் டீ கலர்ல இருக்கும்."

என்ஜினை ஓடவிட்டான். டப்பாவில் குமிழி வரவில்லை. வெள்ளைப் புகையும் இல்லை. கேஸ்கெட் போயிருந்தால் இரண்டும் வருமாம். பிறகு ஒரு டிஷ்யூவை டப்பாவில் முக்கிக் காட்டினான்.

"உங்க என்ஜின் எண்ணெய் தார் மாதிரி கறுப்பு. இது மஞ்சளா இருக்கு. எங்கேர்ந்து வந்துச்சு?"

"கேஸ்கெட் வடிகட்டி அனுப்புது லா."

லோகன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"வேற எதாச்சும் ஊத்துனீங்களா, அங்கிள்?"

"நான் லோரி ஓட்டுனவன். தண்ணிதான் ஊத்துவேன். ஹெட்டைத் திற."

"திறந்தா ரெண்டு வாரம் வேன் இங்கதான் கிடக்கும்."

"பரவால்ல சம்பந்தி, என் கார் இருக்கு," என்றேன். கிரிகரி முகம் சுருங்கிப் போனது. மறுநாள் திறப்பதாகச் சொல்லி லோகன் வேனை வைத்துக்கொண்டான்.

டிஷ்யூவையும் அவர் தூக்கிப் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஜானிஸிடம் நீட்டினார். "பாரும்மா, உன் பிள்ளை போக வேண்டிய வேனோட ரத்தம்."

அவள் மோந்து பார்த்தாள். "மாமா, இது நல்லெண்ணெய். அம்மா எனக்குத் தேய்ச்சுவிட்டாங்களே, அதே வாசம்."

என் மனைவியும் மோந்தாள். "அதான். அந்த பாட்டில் காலியாகி குப்பையில போட்டேனே."

எல்லாரும் கிரிகரியைப் பார்த்தோம். லோகனுக்குப் போன் போட்டு வேனில் தேடச் சொன்னோம். பாட்டில் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. பிடி வைத்த நல்ல பாட்டில். எங்கள் குப்பையிலிருந்து எடுத்து, எங்கள் குழாயிலேயே தண்ணீர் பிடித்து, டப்பாவில் ஊற்றியிருக்கிறார்.

"கழுவிட்டுத்தான் ஊத்துனேன்."

"சோப்பு போட்டா, மாமா?"

"சோப்பு எதுக்கு, வேஸ்ட்டு."

லோகன் போனில் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. ஹெட்டைத் தொடவே இல்லை. தண்ணீரை இறக்கிவிட்டு, எண்ணெய் போகும் மருந்து ஊற்றித் திரும்பத் திரும்ப அலசினான். குரூப்பில் கிரிகரி இப்படிப் போட்டார்: "கோளாறு கண்டுபிடித்தாயிற்று. வெளியிலிருந்து வந்தது."

ஞாயிறன்று பேத்தி வேனில்தான் போனாள். என்ஜின் சூடானதும் லேசாக நல்லெண்ணெய் வாசம் வந்தது. அவளுக்குப் பழகிய வாசம்தானே, நன்றாகத் தூங்கினாள். கிரிகரி கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பூசை முடிந்து, வீட்டுக்குத் தீர்த்தம் எடுக்க வேனிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தார். அவர் மனைவி மகதலேனா அதைப் பிடுங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கிரிகரி மெதுவாக என் பக்கம் வந்தார். "சம்பந்தி, உங்க கார்ல காலி பாட்டில் இருக்குமா?"

"என் கார் வீட்டுல இருக்கு," என்றேன்.